84-ஆவது ஆள்

இராஜபாளையத்துக்குப் பக்கத்தில், சத்திரப்பட்டி வட்டாரத்தில், பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு விசைத்தறிக் கூடம். 2021-இல் ஒரு சனிக்கிழமை அங்கே வாரக் கூலி நேரத்துக்குக் கிடைக்கவில்லை. வேலையாட்கள் இரவு வரை வாசலில் காத்துக் கிடந்தார்கள். கணக்குப் பார்க்கும் அக்கா எல்லார் முன்னாலும் முதலாளியிடம் பேச்சு வாங்கினார். நெட்டு சரியில்லை என்று முடிவாகி, கூடத்தில் புது மோடம் வாங்கி மாட்டினார்கள். நெட்டில் ஒரு கோளாறும் இல்லை. அக்கா ஒரு தவறும் செய்யவில்லை. கோளாறு நான் செய்த ஒரு மாற்றத்தில் இருந்தது. அடுத்த திங்கட்கிழமையே அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் உள்ள பேரூராட்சி. மதுரையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஜாவா எழுதிக்கொண்டிருந்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் மடிக்கணினியோடு ஊருக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டு மாடியில்தான் வேலை. என் அம்மா பல வருடம் தறிக்குத் தார் சுற்றியவர். சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வருகிற கூலியில்தான் எங்கள் வீட்டில் மளிகைக்கடைப் பாக்கி அடையும், மகளிர் குழுத் தவணை போகும், ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் கறி வேகும். ஆகவே, சனிக்கிழமை கூலி தள்ளிப்போனால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லித் தப்பிக்க முடியாது.

நாங்கள் செய்து கொடுத்திருந்தது ஒரு கூலிக் கணக்குச் செயலி. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் சில விசைத்தறிக் கூடங்கள் ஒரே சர்வரில் அதைப் பயன்படுத்தி வந்தன. ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு பக்கம். ஓர் ஆளுக்கு ஒரு வரி. திங்கள் முதல் சனி வரை எத்தனை மீட்டர் ஓடியது, மீட்டருக்கு என்ன கூலி, முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று நிரப்ப வேண்டும். கீழே இரண்டு பொத்தான்கள். ‘சரிபார்’ என்பதை அமுக்கினால் கூட்டுத்தொகை வரும். ‘சேமி’ என்பதை அமுக்கினால் அந்த வாரம் பூட்டிக்கொள்ளும், பிறகு யாராலும் திருத்த முடியாது. சனிக்கிழமை நான்கு மணிக்கு மேல் எல்லாக் கூடங்களும் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள். அப்போது செயலி மந்தமாகும். அதைப் பற்றிப் புகார்கள் வரத் தொடங்கியிருந்தன. ஏன் மந்தமாகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

நான் கண்டுபிடிக்கவில்லை. சர்வரை மாற்றினேன்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜாவாவில் எழுதிய இணையச் செயலி தானாக இணையத்தில் பேசாது. உலாவியில் இருந்து வரும் கோரிக்கையை வாங்கி, செயலியிடம் கொடுத்து, பதிலைத் திருப்பி அனுப்ப நடுவில் ஒரு சர்வர் தேவை. டாம்கேட் அப்படி ஒன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதியது, 1999-இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டது. ஜெட்டி அதைவிட மூத்தது. ஆஸ்திரேலியாவின் கிரெக் வில்கின்ஸ் 1995-இல் தொடங்கியது. அண்டர்டோ இளையது. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஜேபாஸ் குழுவில் பிறந்து, 2014-இல் வைல்ட்ஃபிளை 8 வந்தபோது அதன் சர்வராக அமர்ந்தது. முன்பெல்லாம் இயந்திரத்தில் டாம்கேட்டைத் தனியாக நிறுவி, அதற்குள் நம் செயலியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2014 ஏப்ரலில் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பின் 1.0 பதிப்பு வந்த பிறகு அது தலைகீழானது. சர்வரே செயலிக்குள் ஒரு நூலகமாக அடங்கிக்கொண்டது. ஒரே ஒரு ஜார் கோப்பு, ஒரே ஒரு கட்டளை, செயலி ஓடத் தொடங்கிவிடும். உள்ளே இருப்பது பொதுவாக டாம்கேட். பிடிக்கவில்லை என்றால், செயலிக்கு வேண்டிய நூலகங்களைப் பட்டியலிடும் பாம் கோப்பில் டாம்கேட் ஸ்டார்ட்டரை விலக்கி, அண்டர்டோ ஸ்டார்ட்டரைச் சேர்த்தால் அன்று போதுமாக இருந்தது. சில வரிகள்தான். நாம் எழுதிய ஜாவா நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு எளிதாக இருந்ததுதான் எனக்கு வினையாக முடிந்தது. கஷ்டமான வேலை என்றால் நாலு பேரைக் கேட்டிருப்பேன்.

ஜாவா உலகில் எந்தச் சர்வர் எவ்வளவு வேகம் என்று ஒப்பிடும் பட்டியல்கள் உண்டு. டெக்எம்பவர் என்ற நிறுவனம் 2013-இல் தொடங்கிய ஒப்பீடு அவற்றில் பேர் பெற்றது. அதில் அண்டர்டோ நல்ல இடத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஓர் ஆசை வந்தது. கிராமத்து மாடியில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் ஒரே இரவில் செயலியை வேகமாக்கினான் என்று மதுரை அலுவலகத்தில் பேச வேண்டும். உண்மையான காரணம் அதுதான். மற்றக் காரணங்கள் எல்லாம் மின்னஞ்சலில் எழுதுவதற்காகப் பிறகு தேடிக்கொண்டவை.

அளந்து பார்த்தேன் என்று பேருக்குச் சொல்லிக்கொள்ளலாம். ‘வணக்கம்’ என்று ஒரு சொல்லை மட்டும் திருப்பித் தரும் ஒரு பக்கத்தை எழுதினேன். என் மடிக்கணினியிலேயே இரண்டு சர்வரையும் ஓட்டி, அந்தப் பக்கத்தை மாறி மாறிக் கேட்க வைத்தேன். அண்டர்டோ முந்தியது. படம் வரைந்து அனுப்பினேன். அந்தப் பக்கம் தரவுத்தளத்தைத் தொடவே இல்லை. எங்கள் செயலியில் தரவுத்தளத்தைத் தொடாத பக்கம் என்று பார்த்தால் உள்நுழைவுப் பக்கம் ஒன்றுதான் இருந்தது. சனிக்கிழமை மாலை மந்தமாவது எந்தப் பக்கம், எந்தத் தரவுத்தளக் கேள்வி, நிரலில் எந்த வரி என்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விடை சாதாரணமாக இருந்திருக்கும். பேர் வாங்கித் தருகிற விடையாக இருந்திருக்காது. பேர் கிடைக்காது என்பதை உள்ளுக்குள் அறிந்தே பார்க்காமல் விட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

மாற்றியதை வாடிக்கையாளர்கள் யாருக்கும் சொல்லவில்லை. வெளியீட்டுக் குறிப்பில் ‘சிறு மேம்பாடுகள்’ என்று எழுதினேன்.

ஜாவாவில் செர்வ்லெட் என்று ஒரு பொது ஒப்பந்தம் இருக்கிறது. டாம்கேட், ஜெட்டி, அண்டர்டோ மூன்றும் அதற்குக் கட்டுப்பட்டவை. அதனால்தான் நிரலைத் தொடாமல் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட முடிகிறது. ஆனால் ஒரு சர்வர் தினசரி எப்படி நடந்துகொள்ளும் என்பதில் பாதிக்கு மேல் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே கிடக்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிக்கும், ஒரு படிவத்தில் எத்தனை புலங்களை ஏற்கும், எவ்வளவு பெரிய கோப்பை வாங்கும், வந்துபோனவர்களை எந்தப் பதிவேட்டில் எழுதும், இவை ஒவ்வொரு சர்வரின் சொந்த முடிவு. எங்கள் அமைப்புக் கோப்பில் ‘சர்வர்.டாம்கேட்’ என்று தொடங்கும் வரிகள் பல இருந்தன. யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று எழுதிவைக்கும் வரி அவற்றில் ஒன்று. டாம்கேட் போனதும் அந்த வரிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. செயலி வழக்கம்போல் எழுந்து நின்றது. வருகைப் பதிவேடு மட்டும் அன்றோடு நின்றுபோனது. அதுவும் நடந்திருப்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

புலங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியன் வெல்டே என்ற இருவர் ஒரு தாக்குதலைச் செய்து காட்டினார்கள். ஒரே ஹாஷ் மதிப்பு வரும்படி பொறுக்கி எடுத்த ஆயிரக்கணக்கான புலப் பெயர்களை ஒரே கோரிக்கையில் அனுப்பினால், அவற்றை அடுக்கி வைக்கவே சர்வர் திணறிப்போகும். ஜாவா, பிஎச்பி, பைதான் என்று பல மொழிகளில் இந்த ஓட்டை இருந்தது. அதன் பிறகுதான் சர்வர்கள் வரம்பு கட்டின. நான் அப்போது பயன்படுத்திய டாம்கேட்டில் வரம்பு 10,000. அண்டர்டோவில் 1,000. இரண்டும் நியாயமான பாதுகாப்பு. ஆவணத்தில் எழுதியும் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

இப்போது எங்கள் படிவத்துக்கு வருகிறேன். ஒரு வரியில் ஆள் எண், தறி எண், ஆறு நாள் மீட்டர், மீட்டருக்கான கூலி, முன்பணம், பிடித்தம், கூட்டுத்தொகை என 12 புலங்கள். இவை போக, படிவம் முழுமைக்கும் வாரத் தேதி, ஷெட் எண், எந்தப் பொத்தான், பாதுகாப்பு டோக்கன் என 4. ஒரு ஷெட்டில் 83 பேர் இருந்தால் 996-உடன் 4 சேர்ந்து சரியாக 1,000. போய்விடும். 84-ஆவது ஆள் சேர்ந்தால் 1,012. அண்டர்டோ முழுப் படிவத்தையும் திருப்பி அடிக்கும். நான் சோதித்தது ஐந்தாறு பேர் கொண்ட பொய்ப் பட்டியலை வைத்து.

மாற்றிய பிறகு சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பிறகு அந்தச் சத்திரப்பட்டிக் கூடத்தின் பெரிய ஷெட்டில் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான்.

சனிக்கிழமை ஐந்து மணி இருக்கும். அக்கா போன் செய்தார்.

“தம்பி, பெரிய ஷெட்டு சேவ் ஆக மாட்டேங்குது. இணைய இணைப்பைப் பாருங்கன்னு வருது.”

அந்தச் செய்தியை எழுதியவனும் நான்தான். என்ன பிழை வந்தாலும், எங்கே வந்தாலும், ‘சேமிக்க இயலவில்லை. இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று காட்டும்படி ஒரே ஒரு பிழைப் பக்கத்தை முன்பே எழுதி வைத்திருந்தேன். பிழை எண்களைக் காட்டினால் வாடிக்கையாளர் மிரளுவார் என்பது அப்போதைய சமாதானம். எங்கள் தவறு எதுவாக இருந்தாலும் அதை அவர்கள் பக்கம் தள்ளிவிடும் பக்கம் அது. அன்று அதன் வேலையைச் செய்தது.

மோடத்தை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அழைத்தார். வேறு உலாவியில் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். மூன்றாவதாக அழைத்தபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“தம்பி, நான் ஒண்ணு கவனிச்சேன். சின்ன ஷெட்டு ரெண்டும் சேவ் ஆயிருச்சு. பெரிய ஷெட்டுல புதுசா சேந்த பையன எடுத்துட்டு ‘சரிபார்’ அமுக்குனா கூட்டுத்தொகை வருது. அவனச் சேத்து அமுக்குனா வர மாட்டேங்குது. அவனுக்குப் பதிலா வேற ஒரு ஆள எடுத்தாலும் வருது. 83 பேருன்னா வருது, 84 பேருன்னா வரல. இவன விட்டுட்டு சேவ் பண்ணிறவா? இவனுக்கு மட்டும் கைல குடுத்துக்கிறேன்.”

படித்துப் பாருங்கள். இதற்கு மேல் ஒரு பிழை அறிக்கையை எந்தச் சோதனைப் பொறியாளரும் எழுத முடியாது. ஒரு ஆளை எடுத்துப் பார்த்து, அவருக்குப் பதிலாக வேறொருவரை எடுத்துப் பார்த்து, குறை ஆளிடம் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது என்று பிரித்தெடுத்துவிட்டார். எல்லையையும் கண்டு சொல்லிவிட்டார். வெளியே தறிக்காரர்கள் காத்திருக்க, முதலாளி பக்கத்தில் நின்று சத்தம் போட, இதைச் செய்திருக்கிறார். அவர் பள்ளிப் படிப்போடு நின்றவர், அந்தக் கூடத்திலேயே வேலை பார்த்துக் கணக்குக்கு உயர்ந்தவர்.

நான் சொன்ன பதில் இது. “அப்படில்லாம் இருக்காதுக்கா. ஆள் எண்ணிக்கைக்கும் சேவ் ஆகுறதுக்கும் சம்பந்தமே கிடையாது. நெட்டு விட்டு விட்டு வருது, அதனால உங்களுக்கு அப்படித் தோணுது. ஆள விட்டுட்டு சேவ் பண்ணிறாதீங்க, வாரம் பூட்டிரும்.”

அன்று கூலி போடுவதற்கு இருந்த ஒரே வழியை அவராகவே கண்டுபிடித்திருந்தார். அதையும் நான் அடைத்தேன். பிழைகள் பதிவாகும் லாகைத் திறந்து பார்க்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மடிக்கணினி எதிரிலேயே திறந்து கிடந்தது. நான் பார்க்காததற்குக் காரணம் நேரமின்மை இல்லை. படிக்காத ஒரு பெண் சொல்வதில் தொழில்நுட்பமாக ஏதாவது இருக்கும் என்று என் மனம் ஏற்கவில்லை. என் குறை எது என்று என்னைக் கேட்டால் சர்வரை மாற்றியதைச் சொல்ல மாட்டேன். இதைச் சொல்வேன்.

அன்றிரவு அக்கா பழைய பேரேட்டை எடுத்து, பெரிய ஷெட்டுக்கு முழுக்கக் கையால் கணக்குப் போட்டுக் கூலி கொடுத்தார். அவசரத்தில் சிலருக்குப் பிடித்தம் மாறிப்போய், அடுத்த வாரம் சரிசெய்தார்கள். அதற்கும் அவர்தான் திட்டு வாங்கினார்.

திங்கட்கிழமை காலை வேறு எதற்கோ லாகைத் திறந்தேன். சனிக்கிழமை மாலை நேரத்தில் ஒரே பிழை வரிசையாக நின்றது. யூடி000047 என்ற எண்ணோடு, புலங்களின் எண்ணிக்கை 1,000 என்ற வரம்பைத் தாண்டிவிட்டது என்று தெளிவாக எழுதியிருந்தது. அக்கா சொன்ன 84 அப்போதுதான் என் தலையில் இறங்கியது. கணக்குப் போட்டேன். வரம்பை 10,000 ஆக்கி, யாரிடமும் சொல்லாமல் செயலியை அணைத்து ஏற்றினேன். பிறகு அக்காவை அழைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் எண்ணை அமுக்கினேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாயில் வந்தது வேறு.

“நெட்டு சரியாயிருச்சாக்கா?”

“புது மோடம் மாட்டியாச்சு தம்பி. இப்ப எல்லாம் வருது. நீங்க சொன்னது சரிதான்.”

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதற்குப் பிறகும் செயலியின் மந்தம் தீரவில்லை, முன்பைவிட மோசமானது. டாம்கேட் தானாகவே 200 த்ரெட் வரை வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும். அண்டர்டோவோ, இயந்திரத்தில் எத்தனை கோர் இருக்கிறது என்று பார்த்து அதை 8-ஆல் பெருக்கிக்கொள்ளும். எங்கள் இயந்திரத்தில் 2 கோர், ஆகவே 16 த்ரெட். இன்னொரு பக்கம், தரவுத்தளத்தோடு பேச ஹிகாரி என்ற கனெக்ஷன் பூல் வைத்திருக்கும் இணைப்புகள் 10. இந்தப் பத்தையும் செயலியில் இருந்த மாத அறிக்கைப் பக்கம் பிடித்துக்கொண்டது. டாம்கேட் இருந்த காலத்தில் அறிக்கை கேட்டவர்கள் வரிசையில் நின்றாலும், மற்றவர்களுக்கு உள்நுழைவுப் பக்கமாவது திறந்தது. அண்டர்டோவில் பத்து த்ரெட்கள் இணைப்பைப் பிடித்திருக்க, மிச்சம் ஆறும் இணைப்புக்காகக் காத்து நிற்க, அடுத்து வருபவருக்குக் கதவைத் திறக்கவே ஆள் இல்லை. அண்டர்டோவைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. காத்திருக்கும் வேலைகளை த்ரெட்டைப் பிடிக்காமல் செய்யும் நிரல்களுக்கு 16 தாராளம். எங்கள் நிரல் அப்படி எழுதப்பட்டதல்ல என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் மூத்த ஒருவர் மாத இறுதி நெரிசலில் உட்கார்ந்து த்ரெட் டம்ப் எடுத்தார். அந்த நொடியில் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்பதன் பட்டியல் அது. எல்லாம் ஒரே இடத்தில் நின்றன. ஹிகாரியிடம் இணைப்புக் கேட்டுக் காத்திருந்தன. அங்கிருந்து அறிக்கைக் கேள்விக்குப் போனார். அது படிக்கும் அட்டவணையில் தேதிக்கு இண்டெக்ஸ் இல்லை. இண்டெக்ஸ் போட்டார். பக்கம் வரைந்து முடியும்வரை இணைப்பை விடாமல் பிடித்துவைக்கும் ஓப்பன்-இன்-வியூ அமைப்பை நிறுத்தினார். அவ்வளவுதான். சனிக்கிழமை மந்தம் அதோடு தீர்ந்தது. டாம்கேட் இருந்தபோதே இதைச் செய்திருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். பிறகு என்னைக் கூப்பிட்டு, “ஏன் மாத்துன?” என்று கேட்டார். வேகத்துக்காக என்றேன். “எது மந்தம்னு பாத்தியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். பழையபடி டாம்கேட்டுக்கே திரும்பினோம். அந்த உரையாடலில் சர்வரைப் பற்றிய என் பிழையை முழுதாக ஒத்துக்கொண்டேன். மோடத்தைப் பற்றியும் அக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தத் துறையில் தொழில்நுட்பப் பிழையை ஒத்துக்கொள்வது பெரிய காரியமில்லை. இன்னும் சொல்லப்போனால் அதற்கு மரியாதைகூட உண்டு. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அறிக்கை எழுதி எல்லாருக்கும் அனுப்புவோம், பாராட்டுவார்கள். அந்த அறிக்கையில் ‘பயனருக்குப் பாதிப்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். ‘ஒரு வாடிக்கையாளருக்குச் சில மணி நேரம் சேமிக்க இயலவில்லை’ என்று நான் எழுதியிருந்தேன். ஷெட் வாசலில் காத்திருந்தவர்கள், பேருந்தைத் தவறவிட்டு ஆட்டோவுக்குக் காசு கொடுத்த பெண்கள், எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நின்ற ஒருவர், எல்லாம் அந்த ஒரு வரிக்குள் மறைந்துவிட்டார்கள். பொய் ஒரு சொல்கூட அதில் இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய வரி அது.

சென்ற ஆண்டுதான் உண்மையைச் சொன்னேன். முதலில் முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னேன், மோடத்துக்கான பணத்தையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். “அந்தப் பொண்ண அன்னைக்கு ரொம்பப் பேசிட்டனேப்பா” என்றார். அக்கா அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். வேலையை விட்டதற்கு இது காரணமில்லை, மகள் பிரசவத்துக்காக நின்றதாகச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். “நான் அப்பவே சொன்னேன்ல தம்பி, 83-ன்னா வருது, 84-ன்னா வரலன்னு” என்றார். ஆமாம் என்றேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது எனக்குக் கேட்க உரிமையுள்ள ஒன்றாகத் தோன்றவில்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2025 நவம்பரில் ஸ்பிரிங் பூட் 4.0 வெளிவந்தது. அது செர்வ்லெட் 6.1 ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. அண்டர்டோ அப்போது அதற்கு வந்து சேர்ந்திருக்கவில்லை என்பதால் அண்டர்டோ ஸ்டார்ட்டரையே எடுத்துவிட்டார்கள். அண்டர்டோவில் ஓடும் செயலிகளை அந்தப் பதிப்புக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் டாம்கேட்டுக்கோ ஜெட்டிக்கோ மாறியே ஆக வேண்டும். ஜெட்டிக்கும் அதற்கே உரிய வரம்புகள் உண்டு. படிவத்தில் 1,000 புலங்கள், மொத்தம் 2,00,000 பைட்டுகள், அதற்கு மேல் தானாக ஏற்காது. விருதுநகர் மாவட்டத்தில் என்னைப்போல் ஊரில் இருந்தபடி மில்லுக்கும் தறிக்கூடத்துக்கும் அச்சகத்துக்கும் செயலி எழுதிக் கொடுக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுவதற்கு முன் உங்கள் வாடிக்கையாளரிடம் இருப்பதிலேயே பெரிய பட்டியலை வாங்கி அதை வைத்துச் சோதியுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று கணக்கு எழுதுபவரிடம் அவருக்குப் புரியும் தமிழில் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை மாலை அவர் போன் செய்து சேவ் ஆகவில்லை என்றால், லாகைத் திறந்து பார்த்துவிட்டு அதன் பிறகு பதில் சொல்லுங்கள்.